பற்றுச்சீட்டு தராதவர்

என்னுடைய சேட் ஒன்று, நீலம், மெல்லிய கோடு போட்டது, அரைக்கை, இந்தப் புத்தளம் மாவட்டத்தில் எங்கேயோ இருக்கிறது. யாரிடம் இருக்கிறது, எந்தத் திகதியில் போனது, என்ன நிலையில் போனது என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. முப்பத்து நான்கு வருடம் அரசாங்கக் கந்தோர்களில் வேலை செய்தவன் நான். கால் உடைந்த கதிரை ஒன்றைக் கழிப்பதற்கு மூன்று பேர் கொண்ட குழு கூடும், அறிக்கை எழுதும், அறிக்கைக்கு அனுமதி வரும், அதன் பிறகுதான் கதிரை வாசலைத் தாண்டும். அப்படி வாழ்ந்தவனுடைய அலுமாரியிலிருந்து ஒரு சேட் எந்த எழுத்தும் இல்லாமல் வெளியேறிவிட்டது. வெளியேற்றியவர் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்த அம்மாள்.

சேட் எங்கே என்று நான் கேட்டேன். “அது நல்லா இருக்கு சேர்” என்றார். கட்டிக்கொடுத்த மகளைப் பற்றிச் சொல்வதுபோல.

அவர் இந்த ஊரை விட்டு மகளோடு மன்னார்ப் பக்கம் போய்ப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் அலுமாரியைத் திறக்கிற ஒவ்வொரு காலையும் எனக்கு அவர் ஞாபகம் வருகிறது. அதை அன்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சாமான் குறைந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அவரால் வந்தது.

குட்டையான ஆள். நடையில் எப்போதும் பஸ்ஸைத் தவறவிடப் போகிற அவசரம். கக்கத்தில் மடித்து வைத்த உரப்பை ஒன்று. பேசும்போது முகத்தைப் பார்க்கமாட்டார், தோளைப் பார்ப்பார். தோளிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து கால். அவர் பார்த்து முடித்தால் உங்கள் அளவு அவரிடம் இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வேதக்கோயில் பங்கில் எல்லாருடைய அளவும் அவருக்குத் தெரியும். புதிதாக வந்த சுவாமியோடு பூசை முடிந்து இரண்டு நிமிடம் கதைத்துவிட்டு வந்து, சுவாமி முன்பு இருந்த ஊரில் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார், பழைய களிசான்கள் இனி அவருக்குப் பொருந்தாது, யாருக்காவது போகட்டும் என்று என் மனைவியிடம் சொன்னார். அடுத்த மாதம் சுவாமியின் களிசான்கள் போய்விட்டன.

அவருடைய புருஷன் கடலுக்குப் போகிறவர், அதிகம் கதைக்காதவர். ஈரத்தோடு வீட்டுக்கு வந்து மாற்றுச் சாரத்தைத் தேடி, அது கொடியிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை என்று கண்டு, ஈரத்தோடே வாசலில் குந்திக்கொண்டு சுருட்டுப் பற்றவைப்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீங்கள் முறைப்பாடு செய்யலாமே என்ற அர்த்தத்தில் நான் அவரிடம் ஏதோ சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “உங்கட கண்ணாடி இருக்கா சேர்?” என்று கேட்டார்.

கண்ணாடி கதை அப்போது ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. எனக்குப் புதுக் கண்ணாடி வந்த வாரம் பழையது காணாமல் போனது. மேசை லாச்சியில் வைத்திருந்தேன். என் மனைவியை விசாரித்ததில், நாலு வீடு தள்ளி இருப்பவர் கேட்டார், கொடுத்தேன் என்றாள். நான் நேரே போனேன். மூக்குக்கண்ணாடி என்பது உடுப்பல்ல, ஒருவருடைய கண்ணைச் சோதித்து எழுதிக் கொடுப்பது, அதை இன்னொருவர் போட்டால் கண் கெடும், அதற்கு யார் பொறுப்பு என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, வலை பொத்துகிற ஒருவருக்கு ஏழு பேருடைய கண்ணாடியைப் போட்டுப் பார்த்ததாகவும், என்னுடையது சரியாக நின்றதாகவும், அந்த ஆள் இப்போது நூலைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிக்காமலே கோர்ப்பதாகவும் சொன்னார். ஏழு பேருடைய கண்ணாடி. அதாவது எனக்கு முன்னால் ஆறு பேருடைய லாச்சி திறக்கப்பட்டிருக்கிறது.

அவருக்கென்று ஒழுங்குகள் இல்லாமல் இல்லை. அதுதான் என்னை இன்னும் கோபப்படுத்தியது. ஒழுங்கே இல்லாதவரை மன்னிக்கலாம். இவரிடம் ஒழுங்குகள் இருந்தன, ஆனால் அத்தனையும் தலைகீழ்.

முதலாவது, ஒரு ஊரின் உடுப்பு அதே ஊரில் நிற்கக் கூடாது. எங்கள் கரையில் சேர்ந்தது பாலாவி வழியாகப் புத்தளத்துக்குப் போய், அங்கே இன்னொரு பஸ் ஏறி, வண்ணாத்திவில்லுவுக்குப் போகும். அங்கே மரக்கறிக் கடை வைத்திருந்த ஒரு பெண் அவருடைய கூட்டாளி. அந்தப் பக்கத்து உடுப்பு அதே பையில் இங்கே வரும். ஒரு பாவாடைக்காக இரண்டு பஸ்ஸா என்று கேட்டால், “ரெண்டு பஸ் ஏறினா உடுப்புக்குப் பழைய ஆள் மறந்து போயிரும்” என்பார்.

இரண்டாவது, தெறி, அதாவது பொத்தான். வந்த ஒவ்வொரு சேட்டிலும் தெறிகளை வெட்டி எடுத்துப் பால்மாப் பேணியில் போட்டுவிட்டு, பேணியிலிருந்து வேறு தெறிகளை எடுத்துத் தைப்பார். நல்ல தெறியாக இருந்தாலும் வெட்டுவார். நல்ல தெறியை வெட்டி இன்னொரு நல்ல தெறியைத் தைக்கிற வேலையை நான் எந்தக் கந்தோரிலும் பார்த்ததில்லை, அங்கேயும் தேவையில்லாத வேலைகள் குறைவில்லை.

மூன்றாவது, பொய். வாங்குகிறவரிடம் ஒருபோதும் உண்மை சொல்லமாட்டார். வீட்டில் பூச்சி வந்துவிட்டது, வைக்க இடமில்லை, புருஷன் ஏசுகிறார், தயவுசெய்து இதைக் கொஞ்சம் எடுத்து உதவி செய் என்று கெஞ்சுவார். கடைசியில் வாங்கினவர்தான் இவருக்குப் பெரிய உபகாரம் செய்ததுபோல வீட்டுக்குப் போவார். ஒரு சத்தியக் கடதாசியில் இதில் பாதி வந்திருந்தாலும் நான் ஆளை உள்ளே தள்ளியிருப்பேன்.

பட்டியல் கிடையாது. கையொப்பம் கிடையாது. யாருக்கு எது போனது என்று உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும், அவர் சொல்லமாட்டார்.

போர் முடிந்து சில வருடம் கழிந்து ஒரு மாரியில் கலா ஓயா பெருகியது. எலுவன்குளத்தில் ஆற்றோடு ஒட்டிக் கிடக்கிற சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் ஆளுயரத்துக்குத் தண்ணீர் ஓடியது. வயலும் வீடும் போன பன்னிரண்டு குடும்பங்கள், இந்தக் கரையில் இருந்த சொந்தக்காரரை நம்பி எங்கள் ஊருக்கு வந்தன. வந்தவர்கள் தண்ணீர் வற்றியும் போகவில்லை. ஆண்கள் கருவாட்டு வாடிகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள், பிள்ளைகளை எங்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். கோயிலில் நலன்புரிக் குழு ஒன்று அமைந்தது. செயலாளர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஊர் நன்றாகவே கொடுத்தது. இரண்டு நாளில் கோயில் மண்டபம் உடுப்பால் நிறைந்தது. நான் பதிவேடு திறந்தேன். அப்போது குழுவில் ஒருவரான அந்த அம்மாள் வந்து, அவ்வளவையும் தன்னிடம் தரச் சொன்னார். பத்து நாள் போதும், இதை வண்ணாத்திவில்லுப் பக்கம் கொண்டு போய் அந்தப் பக்கத்து உடுப்பை இங்கே கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். நான் குழு முன்னிலையில், மரியாதையாக, ஈரத்தில் நிற்பவர்களைப் பத்து நாள் பொறுக்கச் சொல்ல எந்தச் சுற்றுநிருபமும் இடம் தரவில்லை என்றேன்.

“ஈரம் ரெண்டு நாளில காஞ்சிரும் சேர்” என்றார் அவர்.

வாக்கெடுப்பு நடந்தது. அவருடைய கை ஒன்றுதான் எதிராக எழுந்தது.

என் வாழ்நாளில் நான் நடத்திய விநியோகங்களில் அதைவிட ஒழுங்கானது இல்லை. சனிக்கிழமை காலை, மண்டபத்தில், வரிசையில். அடையாள அட்டை, பெயர், பொருள், பொருளின் விபரம், கையொப்பம். நாற்பத்திரண்டு பெயர். மூன்று பிரதி. ஒவ்வொருவருக்கும் நானே கையால் கொடுத்தேன், புகைப்படம் எடுக்கப்பட்டது. விதிப்படி அன்று பின்னேரமே பட்டியலின் ஒரு பிரதியைக் கோயில் வாசல் அறிவித்தல் பலகையில் பதினான்கு நாளுக்கு ஒட்டினேன். பக்கத்தில் ஒரு புகைப்படமும். களவு நடக்கவில்லை என்று ஊர் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா.

இலக்கம் இருபத்து மூன்று, தரம் பத்தில் படித்த ஒரு பெண்பிள்ளை. பொருள்: கவுன் ஒன்று. விபரம்: மஞ்சள், கழுத்தில் வெள்ளை றேந்தை. புகைப்படத்தில் இருந்ததும் அந்தப் பிள்ளைதான். விபரம் எழுதாமல் விட்டிருக்கலாம். நான் எதையும் அப்படி விடுகிறவன் அல்ல.

மறுநாள் ஞாயிறு. பிள்ளை அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு பூசைக்கு வந்தது. பூசை முடிந்து வெளியே வரும்போது, பாட்டுக் குழுவில் பாடுகிற அதே வகுப்புப் பிள்ளை ஒன்று, கவுனின் பழைய சொந்தக்காரி, கிட்டப் போய் அன்பாகத்தான் சொன்னது: “பாத்து உடுங்க, அந்தக் கைப்பக்கம் இழுத்தா தையல் விட்டுரும். எனக்கும் ரெண்டு தரம் விட்டது.” மற்றப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பையன்கள் இரண்டு பேர் பலகைக்குப் போய் இருபத்து மூன்றாம் இலக்கத்தைச் சத்தமாக வாசித்தார்கள். யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. ஒரு முறைப்பாட்டுக்குத் தேவையான எதுவும் நடக்கவில்லை.

திங்கட்கிழமை பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. செவ்வாயும் போகவில்லை.

புதன்கிழமை பின்னேரம் பிள்ளையின் தாய் எங்கள் விறாந்தைக்கு வந்தாள். கூட அந்த அம்மாளும் வந்திருந்தார். தாயின் கையில் மஞ்சள் கவுன், துவைத்து அயன் பண்ணி மடித்தது. அதை என் மேசையில் வைத்துவிட்டு, மகளின் பெயரை அந்தத் தாளில் வெட்டிவிடும்படி கேட்டாள். அந்தத் தாள் அங்கே தொங்குகிற வரைக்கும் பிள்ளை அந்த வழியால் போகமாட்டேன் என்கிறதாம், பள்ளிக்கூடத்துக்கு வேறு வழி இல்லையாம். தகப்பன் இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டானாம்: வீட்டில் குந்தியிருக்கிறவள் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போகட்டும். ஆள் பிடிக்கிறவனுடைய வான் ஞாயிற்றுக்கிழமை வருகிறது.

நான் என்ன சொன்னேன் என்பதை மறைத்து எழுதினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனாலும் பதிவு பதிவுதான். ஒப்பமிட்ட பட்டியலில் பெயரை வெட்ட முடியாது என்றேன். வெட்டினால் கவுன் ஒன்று கணக்கில் இல்லாமல் போகும் என்றேன். பிறகு, ஆறுதலுக்காக, இன்னொருவர் போட்ட உடுப்பைப் போடுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, இதைப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவது தாயின் கடமை என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அந்த அம்மாள் என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சேர் போட்டிருக்கிற சேட் யார்ட?”

“என்னுடையது.”

“அதுக்கு முன்னுக்கு?”

எனக்கு விளங்கவில்லை. நல்ல வெள்ளைச் சேட். பூசைக்கும் கூட்டங்களுக்கும் போடுவது. புத்தளத்தில் கடையில் வாங்கியது என்று சொல்லிக்கொண்டே, வாங்கிய என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றாள். தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கழுத்துத் தெறியப் பாருங்க சேர்” என்றார் அந்த அம்மாள். “அதுக்கு நாலு ஓட்டை. மத்ததுக்கெல்லாம் ரெண்டு. அண்டைக்குப் பேணியில ஒண்டு குறைஞ்சு போச்சு.”

நான் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். நாலு ஓட்டை.

என் மனைவி தட்டை மேசையில் வைத்தாள். “பென்ஷன் எடுத்த பிறகு சேட் வாங்கக் கடைக்குப் போனதா உங்களுக்கு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டாள். “அளவு சரியா இருந்தது. நீங்களும் ஒரு நாளும் கேக்கேல்லை.”

எத்தனை சேட் என்று கேட்டேன். அவள் சொல்லவில்லை. இந்தச் சேட்டைத் தந்தவர் யார் என்று அந்த அம்மாளைக் கேட்டேன். அவரும் சொல்லவில்லை. சொன்னவரைக்கும் சொன்னதே அவருக்குப் பெரிய விஷயம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. எத்தனையோ வருடமாக அவர் காத்துவந்த சட்டத்தை அவரே மீறினதை நான் கண்டது அந்த ஒரு தடவைதான். அவருக்கு முகம் நன்றாக இருக்கவில்லை. தேத்தண்ணி குடிக்காமல் எழுந்து, தாயையும் கூட்டிக்கொண்டு, மஞ்சள் கவுனை உரப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். கவுனுக்கும் பற்றுச்சீட்டு இல்லை.

நான் வெகுநேரம் அந்தப் புகைப்படத்தைப் பற்றி யோசித்தேன். பலகையில் ஒட்டியிருந்த படத்தில் நான் கவுனை நீட்டுகிறேன், பிள்ளை வாங்குகிறது. நான் போட்டிருந்தது இதே வெள்ளைச் சேட். படத்தில் இருந்த இரண்டு பேருமே வாங்கியவர்கள். ஒருவர்தான் ஒப்பமிட்டிருந்தார்.

இப்படியான குளறுபடிக்கு நடைமுறை உண்டு. காட்சிக்கு வைத்த பட்டியலிலிருந்து வெட்ட முடியாது. ஆனால் விடுபட்ட பெயரைச் சேர்க்கலாம், திகதியிட்டு, சேர்ப்பவர் ஒப்பமிட்டு. வியாழக்கிழமை காலை, மீன் ஏலம் முடிந்து சனம் கோயில் வாசலால் வருகிற நேரத்தில், நான் பேனையோடு பலகைக்குப் போனேன். நாற்பத்திரண்டுக்குக் கீழே எழுதினேன். இலக்கம் நாற்பத்து மூன்று. என் முழுப்பெயர், ஓய்வுபெற்ற பதவியோடு. பொருள்: சேட் ஒன்று. விபரம்: வெள்ளை, கழுத்துத் தெறி மட்டும் வேறு. மற்றவர்களுக்கு எல்லாம் மண்டபத்தில் இருந்து கொடுத்ததால் தந்தவர் யார் என்று எழுதவில்லை. இது மண்டபத்தில் இருந்து வந்ததல்ல, ஆகவே எழுத வேண்டும். என் உத்தியோக வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படிவத்தில் ‘தெரியாது’ என்று எழுதினேன். அதே சேட்டைப் போட்டுக்கொண்டுதான் எழுதினேன். சரிபார்க்க விரும்புகிறவர் சரிபார்க்கட்டும்.

சரிபார்த்தார்கள். பத்து மணிக்கு முன்பே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கரையில் ஒருவர் என் சட்டைக் கழுத்தைக் குனிந்து பார்த்து, ஓட்டையை எண்ணி, நாலுதான் என்று மற்றவர்களுக்குச் சொன்னார். வள்ளம் வைத்திருக்கிற ஒருவர், சாரமும் தேவையென்றால் வெட்கப்படாமல் வீட்டுக்கு வரச் சொன்னார். சுவாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பென்ஷன் ஒழுங்காக வருகிறதா என்று விசாரித்தார். பின்னேரத்துக்குள் பையன்களுக்கு என் பெயர் நாப்பத்திமூணு ஆகிவிட்டது. சைக்கிளில் போகிறவன் எல்லாம் “நாப்பத்திமூணு சேர், எப்பிடி?” என்று கேட்டுக்கொண்டு போனான். இருபத்து மூன்றாம் இலக்கத்தைப் பற்றிப் பேச ஊரில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் பிள்ளை பள்ளிக்கூட வெள்ளையில் எங்கள் கேற்றைக் கடந்து போனது. நான் விறாந்தையில் இருந்தேன். கொஞ்சம் மெதுவாக நடந்து என் கழுத்துப் பக்கம் பார்த்தது. உதட்டைக் கடித்துக்கொண்டது. பிறகு வேகமாக நடந்தது. அதன் சிரிப்பு வளைவு திரும்பிய பிறகுதான் எனக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை வான் வந்தது. அரை மணித்தியாலம் சந்தியில் நின்றது. தகப்பன் போய், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினான் என்று என் மனைவி வந்து சொன்னாள். எனக்கு ஒரு நன்றி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது உண்மை அல்ல.

அன்று மத்தியானம் அந்த அம்மாள் வந்தார். முகத்தில் நன்றி எதுவும் இல்லை. வெறும் எரிச்சல். நான் அவரிடம் அத்தனை வருடம் காட்டிய அதே எரிச்சல், இப்போது என் பக்கம் திரும்பியிருந்தது.

“ஊருக்கே சொல்லிட்டீங்க” என்றார். “இனி இந்தச் சேட்ட இந்த ஊர்ல உடுத்தேலாது. கழட்டுங்க சேர்.”

நான், இது இப்போது பட்டியலில் என் பெயரில் இருக்கிற பொருள், பதினான்கு நாள் முடியும் வரைக்கும் கைமாற்ற முடியாது என்று விளக்கத் தொடங்கினேன். அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். என் மனைவி உள்ளேயிருந்து, “குடுத்திட்டு வாங்கோ, சோறு ஆறுது” என்றாள்.

கழற்றிக் கொடுத்தேன். அவர் அதை உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்தரிக்கோலால் கழுத்துத் தெறியை அங்கேயே வெட்டி எடுத்தார். மடித்து உரப்பைக்குள் வைத்தார். இரண்டு மணிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று படியிறங்கினார்.

நான் பற்றுச்சீட்டுக் கேட்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை. கேட்டேன். பெனியனோடு கேற் வரைக்கும் பின்னால் போய்க் கேட்டேன். யாருக்குப் போகிறது என்றாவது சொல்லும்படி கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“அது நல்லா இருக்கும் சேர்.”